குருதி பிறக்கும் இடம்

சென்னைக்குத் தெற்கே உள்ளது பல்லாவரம். 1863ஆம் ஆண்டில் இராபர்ட்டு புரூசு பூட் என்னும் நிலவியல் அறிஞர் அங்கே பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். கற்கருவிகளைக் கையாண்ட பண்டை மக்கள் விலங்கின் எலும்பை உடைத்து, உள்ளிருந்த மச்சையை உண்டனர் என்பதற்குச் சான்றுகள் உலகின் பல இடங்களில் கிடைத்துள்ளன. அவர்கள் மச்சையை உணவாகவே அறிந்திருந்தனர். அதுவே குருதியின் பிறப்பிடம் என்னும் உண்மையை 1868இல் செருமானிய அறிஞர் எர்ன்சுட்டு நியூமன் வெளியிட்டார்.

கல்போல் தோன்றும் எலும்பினுள் ஓயாத விளைச்சல் நடைபெறுகின்றது. வளர்ந்தோர் உடலில் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலாவெலும்பு ஆகியவற்றின் செம்மச்சையே அவ்விளைநிலமாகும். அங்கே உறையும் குருத்தணுக்களே விதைகள். அவற்றிலிருந்து மூவகை அணுக்கள் தோன்றுகின்றன. செவ்வணுக்கள் உயிர்வளியைச் சுமக்கும். வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை எதிர்க்கும். தட்டணுக்கள் காயத்தில் குருதி உறையத் துணைபுரியும். செவ்வணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். தட்டணுவின் வாழ்நாளோ 10 நாளைக் கடப்பது அரிது. எனவே, நொடிதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் செவ்வணுக்கள் புதியனவாகப் பிறத்தல் வேண்டும்.

இத்துணை ஈந்தும் மச்சை வறிதாகாதது ஏன்? உழவன் விளைந்த நெல் முழுவதையும் உண்டுவிடுவதில்லை. விதைநெல்லைக் கோட்டை கட்டிக் காக்கின்றான். குருத்தணுக்களும் அத்தகையனவே. அவை பெருகுங்கால் ஒரு பகுதி குருத்தணுவாகவே நிலைபெறும். மற்றொரு பகுதி படிப்படியாக மாறிக் குருதியணுக்களாகும். கனடா நாட்டு அறிஞர்களான தில், மெக்குல்லா ஆகிய இருவரும் 1961இல் வெளியிட்ட ஆய்வு இவ்வுண்மைக்கு அடிகோலிற்று.

விதைநெல்லே கெட்டால் விளைச்சல் ஏது? குருத்தணுக்கள் அழிந்தாலும், புற்றாக மாறினாலும் உயிருக்கே இடர் நேரும். அந்நிலையில் பொருத்தமான பிறர் குருத்தணுக்களை நோயாளியின் நாளத்தில் செலுத்துவர். அவை குருதியோடு சென்று, தாமே மச்சையை அடைந்து வேரூன்றும். இந்தியாவில் இச்சிகிச்சை 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடங்கிற்று. 1986இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கிற்று.

உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. ஆதலின், பலர் முன்பின் அறியாதாரின் கொடையை எதிர்நோக்கியுள்ளனர். கொடுத்தால் எலும்பு வலுவிழக்கும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வேண்டா. இன்று பெரும்பாலும் கை நாளத்தின் வழியாகவே குருத்தணுக்களைப் பிரித்தெடுக்கின்றனர். ஈந்தவை சில கிழமைகளில் மீண்டும் நிரம்பிவிடும். ஈந்தவர்க்குக் குறைவில்லை, ஏற்றவர்க்கோ அது புத்துயிராகும்.