மயில் கொக்காகாமல் இருக்க நான்கு மூலை

காஞ்சிபுரத்தில் தடுக்கி விழுந்தால் பட்டு. ஆனால் பள்ளிக் கண்காட்சிக்கு புரொஜக்டர் திரை வேண்டுமென்றால், அப்பாவின் வெள்ளை வேட்டிதான் உதவும். பட்டிழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம். அதன் வழுவழுப்பான பக்கங்களும் ஜரிகையும் ஒளியைக் கண்ணாடிபோல் ஒரே பக்கமாகத் திருப்புவதால்தான் புடவை மின்னுகிறது. திரை மின்னக் கூடாது. விழுகிற ஒளியை அது எல்லாத் திசையிலும் சிதறவிட வேண்டும். அப்போதுதான் ஓரத்து பெஞ்சுக்கும் படம் தெளிவாகத் தெரியும். பருத்தி அதைச் செய்யும். வேட்டியை மடித்துச் சுவரில் இழுத்துக் கட்டினால் திரை தயார்.

அந்த வேட்டியில் பேனாவால் தொட்டால் கணினி அசையுமா? அசையும். வேட்டிக்கு எந்த வித்தையும் தெரிய வேண்டாம். அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கேமரா போதும். 2007-இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஜானி சுங் லீ இதைச் செய்து காட்டினார். நின்டெண்டோ ‘வீ’ விளையாட்டு இயந்திரத்தின் கைக்கருவிக்குள் ஓர் அகச்சிவப்புக் கேமரா உண்டு. அது பார்க்கும் அகச்சிவப்பு விளக்கு டிவி அருகே அசையாமல் இருக்கும். கருவிதான் கையோடு ஆடும். லீ இதைத் தலைகீழாக்கினார். கருவியை ஓரிடத்தில் நிறுத்தி, விளக்கைப் பேனா நுனிக்குக் கொண்டுவந்தார்.

‘வீ’ இல்லையென்றால் பழைய வெப்கேமும் ஆகும். அதற்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் சிறு கண்ணாடிச் சில்லை எடுத்துவிட்டு, ஒளிபட்டுக் கழுவிய கறுப்பு கலர் பிலிம் துண்டை லென்சின் முன் ஒட்ட வேண்டும். புரொஜக்டர் படம் கேமராவுக்கு இருட்டாகிவிடும். பேனா நுனி மட்டும் பொட்டாக ஒளிரும். பேனாவுக்குள் இருப்பது டிவி ரிமோட்டில் உள்ள அதே வகை எல்.இ.டி., ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, ஒரு ஸ்விட்ச்.

கேமராவை நேர் எதிரே வைத்தால் எழுதுகிறவரின் முதுகு மறைக்கும். பக்கவாட்டில் வைத்தால் நீள்சதுரம் கோணலாகத் தெரியும். ஏகாம்பரநாதர் கோயில் பிராகாரத்தில் நின்று பாருங்கள்: இரு வரிசைத் தூண்களும் தொலைவில் நெருங்கி வருவதுபோல் இருக்கும். நேர்கோடு நேர்கோடாகவே நிற்கிறது. இணைகோடுகள்தாம் இணையாகத் தெரிவதில்லை. இந்தக் கோணலை நிமிர்த்தும் சூத்திரத்தில் கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் 8. ஒரு மூலையைப் பேனாவால் தொட்டால் இரண்டு சமன்பாடுகள் கிடைக்கும்: கிடைக்கு ஒன்று, குத்துக்கு ஒன்று. நான்கு மூலைக்கு எட்டு. கணக்கு முடிந்தது. அதற்குப்பின் திரையில் எங்கே தொட்டாலும், அது எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கட்டம் என்று கணினி சொல்லிவிடும்.

தறிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பழசு. மயில் புட்டாவை முதலில் கிராப் தாளில் வரைவார்கள். ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் இடத்தைக் குறிக்கும். அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் துளை விழும். தாளின் கட்டத்துக்கும் தறியின் இழைக்கும் கணக்கு இடறினால், மயில் நீண்டு கொக்காகிவிடும்.

கண்காட்சிக் கூட்டத்தில் யாராவது கேமராவை இடித்துவிட்டால் வேட்டியிலும் அதே கதிதான்: பேனா ஓரிடம், கோடு வேறிடம். நெசவில் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும். இங்கே நான்கு மூலையையும் மறுபடி ஒருமுறை தொட்டால் போதும்.