சோர்வு தீர்க்கும் தேநீரா? சோர்வு சேர்க்கும் தேநீரா?



சுப்ஹு பாங்கு காதில் விழுகிறது. எழ வேண்டும் என்கிறது மனம். உடல் கேட்க மறுக்கிறது. ஒருவாறு எழுந்து தொழுதபின் ஒரு குவளைத் தேநீர். பணிக்குப் புறப்படுமுன் ஒன்று. பதினொரு மணிக்கு ஒன்று. பகலுணவுக்குப் பின் ஒன்று. அஸருக்குப் பின் வடையோடு ஒன்று. இரவில் விருந்தினர் வந்தால் அவர்களுக்குத் துணையாக இன்னும் ஒன்று. இத்தனையும் பருகிவிட்டு, "ஏனோ தெரியவில்லை, எப்போதும் அசதியாகவே இருக்கிறது" என்கிறோம். அந்த 'ஏனோ'வுக்குரிய விடை குவளைக்குள்ளேயே இருக்கக்கூடும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நானும் எண்ணிப் பார்த்தவனல்லன். ஒரு மாணவன் எண்ண வைத்தான். மஃரிபுக்குப் பின் குர்ஆன் மனனம் ஒப்புவிக்கும் நேரம். பத்து வயதுப் பிள்ளை என் முன்னே அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தான். திடீரென ஓசை நின்றது. கண் விழித்தேன். "ஹஜ்ரத், ஓர் ஆயத்தை விட்டுவிட்டேன். நீங்கள் திருத்தவில்லை, அதனால்தான் நிறுத்தினேன்" என்றான் பணிவாக. அன்று நான் ஆறு குவளை பருகியிருந்தேன். திருத்த வேண்டியவன் உறங்கினால் பிழை பிள்ளையின் நெஞ்சில் அப்படியே பதிந்துவிடுமே! என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா அது? அன்றுதான் இதுபற்றிப் படிக்கவும் விசாரிக்கவும் தொடங்கினேன்.

கடன் வாங்கிய விழிப்பு

தேயிலையிலும் காப்பிக்கொட்டையிலும் உள்ள காஃபின் என்னும் பொருள் நமக்குப் புதுச் சக்தி எதையும் தருவதில்லை. நாம் விழித்திருந்து உழைக்க உழைக்க, மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது தனக்குரிய இருக்கைகளில் அமரும்போது நமக்கு உறக்கம் வருகிறது. காஃபின் செய்வதெல்லாம் அந்த இருக்கைகளில் முந்திச் சென்று அமர்ந்துகொள்வதுதான். களைப்பு தீரவில்லை, வாசலில் காத்து நிற்கிறது. காஃபின் விலகியதும் மொத்தமாக உள்ளே நுழைகிறது. உடனே அடுத்த குவளையைத் தேடுகிறோம். கடனை அடைக்கக் கடன் வாங்குபவனின் கதைதான் இது!

உட்கொண்ட காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஐந்து மணிக்குப் பருகியதில் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கும். உறங்கச் செல்வதற்கு 6 மணி நேரத்திற்கு முன்பு 400 மில்லிகிராம் காஃபின் உட்கொண்டவர்களுக்குக்கூட உறக்கம் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகக் குறைந்ததை, 2013ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரவு உறக்கம் குறைந்தால் சுப்ஹு எப்படி எளிதாகும்?

இதில் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ரில் விழித்திருப்பதற்காகவே 'கஹ்வா'வைப் பருகினார்கள். 1511இல் மக்காவின் ஆளுநர் காயிர் பேக் அதற்குத் தடை விதித்தார், அத்தடை நிலைக்கவில்லை. ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பாபா புதன் என்னும் இறைநேசர் யமனிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வணக்கத்திற்கு விழிக்க உதவிய பானம், அளவு மீறியதால் வணக்கத்திற்கு எழவிடாத பானமாக நம் வீடுகளில் மாறிவிட்டதே!

அளவு எது?

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, நாளொன்றுக்குக் காஃபின் 300 மில்லிகிராமைத் தாண்டலாகாது. 150 மில்லி தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் வரையும், அதே அளவு டிகாக்ஷன் காப்பியில் 80 முதல் 120 வரையும் உள்ளது. உங்கள் வீட்டுக் குவளையின் அளவை வைத்து நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள். பால் கலக்காத சுலைமானியிலும் காஃபின் உண்டு என்பதை மறவாதீர்கள். கருவுற்ற பெண்களின் உடலில் காஃபின் இன்னும் நெடுநேரம் தங்குவதால் அவர்கள் மேலும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சகோதரிகள் கவனிக்க வேண்டிய மற்றொன்று: உணவோடு சேர்த்துப் பருகும் தேநீர், அந்த உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்காமல் தடுக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தசோகை. இரத்தசோகை வந்தால் மீண்டும் அசதி. எனவே உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீரைத் தவிர்க்குமாறு அதே நிறுவனம் கூறுகிறது.

குறைக்கும் வழி

ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நான் அவ்வாறு செய்து, மறுநாள் தலைவலியால் பாடமே நடத்த முடியாமல் தவித்தேன். பழகியவர் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்திற்குள் தலைவலியும் எரிச்சலும் தொடங்கும். ஒன்பது நாள் வரைகூட நீடிக்கலாம். ரமளானின் முதல் நோன்புகளில் பலருக்கு வரும் தலைவலிக்கு இதுவும் ஒரு காரணம். ஷஅபான் மாதத்திலேயே குறைத்து வந்தால் நோன்பு இலகுவாகும்.

முதல் மூன்று நாள் எத்தனை குவளை என்று குறித்து வாருங்கள். பின்னர் மூன்று, நான்கு நாளுக்கொரு முறை ஒரு குவளையைக் குறையுங்கள். இரவுக் குவளையிலிருந்து தொடங்குங்கள். லுஹருக்குப் பின் தேநீர் இல்லை என்பதை வீட்டு வழக்கமாக்குங்கள். மாலையில் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் சேர்த்துக் கொதிக்க வைத்த நீரோ, மோரோ, எலுமிச்சைச் சாறோ போதும். விருந்தினருக்கும் அதையே கொடுக்கலாம். உபசரிப்பில் குறை வந்துவிடாது. பகலில் சிறிது நேரம் 'கைலூலா' உறங்குவது நமக்குரிய சுன்னத்தே. இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதையும் நினைவிற்கொள்வோம். கைப்பேசியும் வீண்பேச்சுதானே!

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். தேநீரைக் குறைத்து, போதிய அளவு உறங்கிய பின்னும் சில வாரங்களாக அசதி நீங்கவில்லையெனில் மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகை, நீரிழிவு, தைராய்டு ஆகியவையும் அசதியாகவே தலைகாட்டும்.

இப்போது நான் காலையில் ஒன்றும் பதினொரு மணிக்கு ஒன்றுமாக இரண்டு குவளையோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு மாதத்திற்குப் பின் மஃரிப் வகுப்பில் கண் சொக்குவது நின்றது. அந்தப் பிள்ளை இப்போது ஆயத்தை விட்டால் உடனே திருத்துகிறேன்; அவனும் சிரித்துக்கொண்டே மீண்டும் ஓதுகிறான்.

இடைவிடாது நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கே, உடலுக்கும் கண்ணுக்கும் உரிமையுண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்திற்காகக்கூட மீறக்கூடாத அந்த உரிமையை ஒரு குவளைத் தேநீருக்காக மீறலாமா?

உறக்கத்தை ஓய்வாக ஆக்கித் தந்த அல்லாஹ், அந்த நிஃமத்தைப் பேணிக்காத்துப் புத்துணர்வோடு சுப்ஹுக்கு எழும் நற்பாக்கியத்தை நம் அனைவருக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.