சீலம்பூர் குப்பையில் ஒரு கம்ப்யூட்டர்

டில்லியில் பழைய கம்ப்யூட்டர் தேடுபவர்கள் சீலம்பூர் போயாக வேண்டும். தாமிரத்துக்காக எல்லாவற்றையும் உடைத்துக் கொண்டிருந்தார்கள். குவியலின் அடியில் வெளிர்மஞ்சள் பெட்டி, மேல்வரிசையில் சிவப்பு விசைகள். பிபிசி மைக்ரோ! 1981-இல் பிரிட்டனில் வந்தது. 1984-இல் நம் அரசு 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்குத் தந்ததும் இதுவே. "எடைக்குத்தான் விலை, பாபுஜி" என்றார் கடைக்காரர். பேரம் பேசாமல் வாங்கினேன்.

வீட்டில் அவசரப்பட்டு, திறந்து பாராமலே மின்சாரம் கொடுத்தேன். சற்று நேரத்தில் புகை, நாற்றம்! மனைவி ஓடிவந்து மெயினை அணைத்தாள். பவர் சப்ளையிலுள்ள காகிதக் கண்டென்சர்கள் வயதானால் விரிசல் விட்டு ஈரம் இழுக்கும். முதலில் அவற்றை மாற்ற வேண்டும். 'சோதிக்காமல் லைன் கொடுக்காதே' என்று ரயில்வேயில் எத்தனை பேரைக் கடிந்திருக்கிறேன்!

நல்லவேளை, போர்டு பிழைத்தது. கண்டென்சர் மாற்றியதும் பழைய டிவியில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்ற எழுத்து வந்தது.

இதன் அடிப்பக்கம் எட்டுக் கம்பிகள் கொண்ட 'யூசர் போர்ட்' உண்டு. மூன்றில் டிரான்சிஸ்டர் வழியாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகள், நாலாவதில் ரிலே. சிவப்பு எரிந்தால் பொம்மை ரயிலின் தண்டவாளத்தில் மின்சாரம் நிற்கும். பேசிக்கில் சில வரிகளே போதும்.

"தாத்தா, டபுள் எல்லோ எங்கே?" என்கிறான் பேரன். நாலு கம்பி மிச்சமிருக்கிறது.