அந்நிய மைதானமும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

மாலை வேளையில் வேலூர் லாங் பஜாரில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணாதிருக்க முடியாது. மண்டி மூட்டைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே, துணிக்கடை வாசல்களில் வெள்ளைப் பனியன்கள் கொக்கிகளில் தொங்குகின்றன. முதுகுப்புறத்தில் 5 என்ற இலக்கம். அதன்மேல் பெல்லிங்ஹாம் என்ற பெயர். பெயருக்குரியவர் இங்கிலாந்து தேசத்து வாலிபர். சட்டையோ ஸ்பெயின் தேசத்து ரியல் மாட்ரிட் கழகத்தினுடையது. விலை பேசி வாங்குகிறவன் நம் கொசப்பேட்டைச் சிறுவன். உலகம் சுருங்கிவிட்டது என்று மேடைகளில் முழங்குவோர் இந்தப் பனியனைக் காட்டிப் பேசினால் போதும். வேறு உதாரணம் வேண்டியதில்லை.

வேடிக்கைக்காக நாம் இதனை எழுதவில்லை. சென்ற வாரம் நமது ஆபீசுக்கு ஒரு தம்பதிகள் வந்திருந்தனர். கணவர் பஜாரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவர். மனைவி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர். அவர்களுடைய மகனுக்கு வயது பதினாறு, கால்பந்தில் கெட்டிக்காரன். "வக்கீல் ஐயா, பையனை ஸ்பெயினுக்கு அனுப்பப் பணம் கட்டியிருக்கிறோம். இந்தக் காகிதத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று அந்த அம்மாள் ஒரு கட்டை மேஜை மீது வைத்தார். ஒன்றரை லக்ஷம் ரூபாய் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. இன்னும் இரண்டரை லக்ஷம் கொடுக்கவேண்டுமாம். முன்பணத்திற்காக அவருடைய சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது. காகிதத்தை முழுவதும் படித்தோம். அதன் விவரத்தைச் சொல்லுமுன், இந்த ஆசை எங்கிருந்து பிறந்தது என்பதைச் சற்று ஆராய்தல் நலம். ஆசையைப் பழிப்பது எளிது, அது நியாயமான ஆசை என்பதை ஒப்புக்கொள்வதுதான் கடினம்.

கால்பந்தாட்டத்தின் தாயகம் தானே என்று பெருமை பேசும் இங்கிலாந்திலேயே வாலிபர்கள் வெளிதேசம் போகத் தொடங்கியிருக்கிறார்கள். அங்குள்ள பெரிய கழகங்களில் பணம் வெள்ளமாய்ப் புரள்கிறது. ஆகவே அவை உலகெங்கிலுமிருந்து தேர்ந்த ஆட்டக்காரர்களை விலைகொடுத்து வாங்குகின்றன. சொந்தப் பயிற்சிசாலையில் வளர்ந்த பிள்ளைக்குப் பதினேழு, பதினெட்டு வயதில் முதல் கோஷ்டியில் இடம் கிடைப்பதில்லை. ஜேடன் சாஞ்சோ என்பவர் 2017-ஆம் வருஷம், பதினேழாவது வயதில், மான்செஸ்டர் ஸிட்டியை விட்டு ஜெர்மனியின் டார்ட்முண்ட் கழகத்திற்குச் சென்றார். ஜூட் பெல்லிங்ஹாமும் அதே வயதில் 2020-இல் பர்மிங்ஹாமிலிருந்து அதே டார்ட்முண்டுக்குப் போனார். மூன்று வருஷத்தில் மாட்ரிட் அவரைப் பத்துக் கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து அழைத்துக்கொண்டது. ஜெர்மனியர் இவர்களிடம் இரக்கம் காட்டி இடம் கொடுத்ததாக எண்ணவேண்டாம். இளைஞனை ஆடவிட்டால் அவன் மதிப்பு ஏறும், ஏறினால் விற்கலாம் என்ற கணக்கை அவர்கள் நன்றாக அறிவார்கள். லாங் பஜார் மண்டி வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கை நாம் விளக்கவேண்டியதில்லை.

இதில் ஒரு விசேஷமுண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆட்டக்காரரை ஒரு தேசத்திலிருந்து மற்றொரு தேசத்திற்கு மாற்றலாகாது என்பது சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதி, பத்தொன்பதாவது ஷரத்து. விலக்குகள் சிலவே. பெற்றோர் கால்பந்தை முன்னிட்டன்றி வேறு காரணத்தால் குடிபெயர்ந்திருக்க வேண்டும்; அல்லது எல்லையோரத்தில் குறித்த தூரத்திற்குள் வீடும் கழகமும் இருக்கவேண்டும்; அல்லது ஐரோப்பிய யூனியன் முதலிய கூட்டுத் தேசங்களுக்குள் பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள்ளான மாற்றமாக இருக்கவேண்டும். இங்கிலாந்து அந்த யூனியனில் ஒட்டிக்கொண்டிருந்த வரையில் சாஞ்சோவுக்கும் பெல்லிங்ஹாமுக்கும் கதவு திறந்திருந்தது. 2020 டிசம்பர் 31-உடன் அந்த ஏற்பாடு முடிந்தது, கதவும் சாத்தப்பட்டது. இன்று இங்கிலாந்துப் பிள்ளைக்கே பதினெட்டு நிரம்பும் வரை அந்த வழி இல்லை. அவ்வாறிருக்க, வேலூர்ப் பிள்ளையைப் பதினாறு வயதில் ஸ்பெயினில் சேர்த்துவிடுவதாக எவரேனும் சொன்னால், அவர் விதியை அறியாதவராக இருக்கவேண்டும், அல்லது நன்றாக அறிந்தவராக இருக்கவேண்டும்.

நம்மவர் வெளிநாடு சென்று ஆடியதே இல்லையோ என்றால், உண்டு. 1911 ஜூலை 29-இல் கல்கத்தாவில் மோஹன் பகான் கோஷ்டியார், பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன், கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தாரை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்த செய்தி நேயர்கள் அறிந்ததே. அந்தக் கல்கத்தாவிலிருந்தே, முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தைச் சேர்ந்த முகம்மது ஸலீம் 1936-இல் கப்பலேறி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் சேர்ந்தார். அங்கே கடை வைத்திருந்த சகோதரர் அவரை ஸெல்டிக் கழகத்தாரிடம் அழைத்துப் போனார். காலில் துணிக்கட்டுடன், பூட்ஸில்லாமல், இரண்டு ஆட்டங்கள் ஆடினார். கிளாஸ்கோ ஜனங்கள் வாயடைத்துப் போனார்கள். இருக்கும்படி கழகத்தார் வேண்டியும், வீட்டு நினைவு தாங்காமல் திரும்பிவிட்டார். இதைக் கோழைத்தனம் என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறோம். பனிக்காலத்து ஸ்காட்லாந்தில் தனித்து ஒரு வாரமேனும் இருந்து பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். அதே கிளாஸ்கோவில், ஸலீம் திரும்பி 84 வருஷங்கள் கழித்து 2020-இல், ஸெல்டிக்கின் பரம வைரியான ரேஞ்சர்ஸ் கழகத்திற்கு மணிப்பூர்ப் போலீஸ் உத்தியோகஸ்தரான பாலா தேவி ஒப்பந்தமாகிச் சென்றார். பஞ்சாபின் ஹோஷியார்ப்பூர்ப் பெண் மனீஷா கல்யாண் 2022-இல் ஸைப்ரஸ் தீவின் அப்பொல்லான் கழகத்திற்காக ஐரோப்பியப் பெண்கள் சாம்பியன் போட்டியில் ஆடினார். அதில் ஆடிய முதல் இந்தியர் அவரே. ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகள் இவ்விஷயத்தில் முந்திக்கொண்டிருப்பதை நம் பள்ளிக்கூட நிர்வாகிகள் கவனிப்பார்களாக. கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசனையும் சந்தியா ரங்கநாதனையும் இந்தியக் கோஷ்டிக்கு அனுப்பிய தமிழ்நாட்டிற்கு, இன்னும் ஒரு கடல் தாண்டுவது பெரிய காரியமன்று.

ஆண்களில் ஸிக்கிமின் பாய்ச்சுங் பூட்டியா 1999-இல் இங்கிலாந்தின் பரி கழகத்தில் சேர்ந்து, 37 லீக் ஆட்டங்களில் ஆடி மூன்று கோல் போட்டார். காவல்காரர் குர்ப்ரீத் ஸிங் ஸந்து நார்வேயின் ஸ்டாபெக் கழகத்திற்காக 2016-இல் யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் நின்றார். சுனில் சேத்ரியின் கதைதான் நமக்கு உறைக்கவேண்டியது. 2009-இல் லண்டன் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகம் அவரை எடுத்துக்கொள்ள இசைந்தது. வேலை அனுமதிச் சீட்டை மட்டும் பிரிட்டிஷ் சர்க்கார் மறுத்துவிட்டது. காரணம் அவருடைய ஆட்டமன்று. உலகத் தரவரிசையில் முதல் எழுபது தேசங்களுக்குள் இந்தியா இல்லை என்பதே காரணம். தனி மனிதன் எவ்வளவு உயர்ந்தாலும், தேசத்தின் உயரம் அவன் தலையில் தட்டுகிறது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு தேசத்திற்கெதிராக இந்தியாவின் கோலைப் போட்டவர் தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜ். அதன்பின் இந்தியா எந்த ஒலிம்பிக் கால்பந்துப் போட்டியிலும் ஆடவில்லை. இதற்கு மேல் புள்ளிவிவரம் எதற்கு?

தமிழர் என்று பார்த்தால், வேல்ஸ் தேசத்தில் வளர்ந்த விமல் யோகநாதன் என்ற இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, பார்ன்ஸ்லி கழகத்தின் பயிற்சிசாலையில் தேறி 2024 ஆகஸ்டில் அதன் முதல் கோஷ்டியில் இறங்கியபோது உலகத் தமிழர் யாவரும் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அவர் இங்கிருந்து போனவரல்லர், அங்கே வளர்ந்தவர். அவருக்குக் கிடைத்த வயலும் நீரும் அந்நாட்டினுடையவை. அவரைக் காட்டி இங்குள்ள பெற்றோரிடம் பணம் பறிப்பது, அயலான் தோட்டத்து மாம்பழத்தைக் காட்டி நம்மிடம் விதை விற்பது போலாகும்.

இங்கே நம் ஜில்லாவின் பழைய வியாபாரம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு அரைப் பதத்தில் தோல் தயாரித்து, நெடுங்காலம் லண்டன் ஏலத்திற்கு அனுப்பிவந்தோம். (2019-இல் பிரித்த பிறகு அவை மூன்று ஜில்லாக்களில் சிதறிக் கிடக்கின்றன, தோலுக்கு அது தெரியாது.) அங்கே மெருகேற்றி, ஜோடாக்கி, பலமடங்கு விலைக்கு விற்றார்கள். கூலி நமக்கு, லாபம் அவர்களுக்கு. 1970-களின் தொடக்கத்தில் ஸீதாராமையா கமிட்டியின் யோசனைப்படி சர்க்கார் அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு அளவு கட்டியது. அப்போது தோல் ஷாப்புக்காரர் பலர் தொழிலே அழிந்துவிடும் என்று கூக்குரலிட்டனர். அழியவில்லை. முழுப்பதத் தோலும், பிறகு ஷூவும் இங்கேயே உருவாயின. அந்த அம்மாள் மேல்தோல் தைக்கும் கம்பெனி வேலையே அக்கொள்கையின் பேரப்பிள்ளைதான். பாலாறு அதற்குக் கொடுத்த விலையை 1996-இல் சுப்ரீம் கோர்ட்டே கணக்குப் பார்த்தது. அது வேறு வழக்கு.

பிள்ளைகள் விஷயத்திலும் நாம் இன்று அரைப்பதத்திலேயே நிற்கிறோம். பச்சைத் தோலாகவே அனுப்பப் பார்க்கிறோம் என்றால் இன்னும் பொருந்தும். ஃபிஃபா விதியில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஒப்பந்தக் காலத்தில் ஆட்டக்காரர் தேசம் விட்டுத் தேசம் மாறும்போது கைமாறும் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அவரைப் பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று வயது வரையில் பயிற்றுவித்த கழகங்களுக்குச் சேரவேண்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து வரை வருஷத்திற்குக் கால் சதவிகிதம். அதன்பின் வருஷத்திற்கு அரைச் சதவிகிதம். ஒரு கோடி ரூபாய்க்கு மாறினால், முதல் நான்கு வருஷம் பயிற்றுவித்த சிறு கழகத்திற்கு லக்ஷ ரூபாய் உரிமை. கோட்டை மைதானத்தில் காலையில் விசில் ஊதும் கழகத்திற்கு அது ஒரு வருஷத்துப் பந்துச் செலவைத் தாங்கும். ஆனால் அந்த உரிமை, சங்கத்தில் சேர்ந்து பிள்ளையின் பெயரை முறைப்படி பதிந்த கழகத்திற்கே உண்டு. நம்மூர்க் கழகங்களில் பல, நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிவைத்துத் திருப்தியடைகின்றன. பயிற்றுவித்த கழகம் இன்னதென்று கண்டுபிடிக்க முடியாத பங்கு, அந்தத் தேசத்துச் சம்மேளனத்திற்குப் போய்விடும். அங்கே போனபின் கோட்டை மைதானத்திற்கு அது திரும்புமோ என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

உள்நாட்டில் வழி உண்டா என்று அந்தக் கணக்கர் கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி. 2014-இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். பந்தயத்தில் சென்னையின் எஃப்.ஸி. இருமுறை வாகை சூடியது. 2019-இல் ஐ-லீக் கோப்பை சென்னை ஸிட்டிக்கு வந்தது. அதனால் வழி இருப்பதாகச் சொன்னோம். ஆனால் ஒப்பந்தத் தகராறால் 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். பருவமே ஒத்திவைக்கப்பட்டு, ஆட்டக்காரர்கள் சம்பளத்தை எண்ணிக் கலங்கியதை மறைக்க நமக்கு மனம் வரவில்லை. வீட்டுக் கூரை ஒழுகும்போது பிள்ளைகள் தெருவைப் பார்ப்பது இயல்பு. சம்மேளனத்து நிர்வாகிகள் நாற்காலிச் சண்டையில் செலவழித்த காலத்தில், இந்தத் தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

இனி காகிதத்திற்கு வருவோம். நான்கு பக்கம்; பளபளப்பான தாள். "பயிற்சி முகாம்" என்ற சொல் பல இடங்களில். ஒரு கழகத்தில் பதிவு என்ற சொல் எங்குமில்லை. பிரயாணம் சுற்றுலா விஸாவில். பணம் எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படாது என்பது சிறிய எழுத்தில். கையெழுத்திட்டவர் தம்மை ஏஜெண்டு என்று வர்ணித்துக்கொள்கிறார். 2023 அக்டோபர் முதல் ஃபிஃபாவின் லைஸென்ஸ் இன்றி எவரும் அத்தொழில் செய்யலாகாது. லைஸென்ஸ் பெற்றோர் பட்டியலை யாவரும் பார்க்கலாம். பார்த்தோம், அவர் பெயரைக் காணோம். லைஸென்ஸ் உள்ளவரும்கூட, மைனரை அவன் முதல் தொழில்முறை ஒப்பந்தம் செய்யத் தகும் வயதுக்கு ஆறு மாதத்திற்கு முன்னால் அணுகக்கூடாது. அப்போதும் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

முன்பணத்தைத் திரும்பக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். அந்த ஆபீசின் டெலிபோன் இப்போது அடிப்பதில்லை. இதே காகிதத்துடன் ஜில்லாவில் இன்னும் எத்தனை வீடுகள் இருக்கின்றனவோ! இருப்பவர்கள் மீதிப் பணத்தைக் கட்டுமுன் எந்த வக்கீலிடமாவது காட்டுவார்களாக. நம்மிடம் கொண்டுவந்தால் கட்டணமில்லை. ஜில்லா கால்பந்துச் சங்கத்தார், லைஸென்ஸ் பட்டியலைப் பார்க்கும் முறையை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுப் பள்ளிக்கூடங்கள்தோறும் ஒட்டினால் பேருபகாரமாகும். அச்சுக்கூலியை நாம் ஏற்கத் தயார்.

புறப்படும்போது அந்தக் கணக்கரிடம், மகன் எந்தக் கழகத்தில் பதிவாகியிருக்கிறான் என்று கேட்டோம். "பள்ளிக்கூடத்திலே ஆடுகிறான் ஐயா, அவ்வளவுதான்" என்றார். ஆறு வருஷமாக ஆடுகிறான், எங்கும் பதிவில்லை. திங்கட்கிழமையே ஒரு கழகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, அதன் நகலைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். பையனுக்குப் பதினெட்டு நிரம்ப இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.