பர்ஸ், பெல்ட் தைப்பவரும் இன்டர்நெட்டில் கடை போடலாம்: சாவி மட்டும் உங்க கையில இருக்கட்டும்!

சென்னை:

சென்ட்ரல் ரெயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து பெரியமேடு பக்கம் நாலு எட்டு வைத்தாலே போதும். தோல் வாசனை மூக்கைத் துளைக்கும். சைடன்ஹாம்ஸ் ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் தோல், பக்கிள், ஜிப், நூல், பசை என்று எல்லாம் கிடைக்கும். ஒற்றை அறையில் உட்கார்ந்து பர்ஸ், பெல்ட், பை தைத்தே குடும்பம் நடத்துகிறவர்கள் இங்கே ஏராளம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலும் தோல்தான் பலருக்குச் சோறு போடுகிறது.

இவர்களில் பலருக்கு பீஸ் கணக்கில்தான் கூலி. தான் தைத்த பர்ஸ் ஏ.சி. கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தால் வயிறு எரியும். மேலே யாரோ ஒருத்தர் பெயர் அச்சடித்திருக்கும். தைத்த கைக்குப் பெயரும் இல்லை, லாபமும் இல்லை.

ஏற்றுமதியை மட்டும் நம்பவும் முடியவில்லை. 2025 ஆகஸ்டு 27-ந்தேதி இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது தோல் தொழில் ஆடிப்போனது.

"நாமளே நேரா வித்தா என்ன?" என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. உடனே, "ஒரு வெப்சைட் போட்டுக் கொடுங்க தம்பி" என்று தெரிந்த பையனிடம் சொல்லிவிடுகிறார்கள். வெப்சைட் போடுவது பெரிய வித்தை இல்லை. ஆனால் சறுக்குகிற இடங்கள் நிறைய இருக்கு. விவரம் வருமாறு:-

கடைப் பெயர் யார் பெயரில்?

இன்டர்நெட்டில் கடைக்கு ஒரு முகவரி வேண்டும். டாட் காம், டாட் இன் என்று முடியுமே, அதுதான். இதை "டொமைன்" என்கிறார்கள். இதை ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிவிட முடியாது. வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். முதல் வருஷம் மலிவாகக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் விலையைக் கூட்டுவதும் உண்டு. புதுப்பிக்கிற கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுப்பிக்க மறந்தால் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு அந்தப் பெயரை வேறு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். விசிட்டிங் கார்டில் அச்சடித்தது, பையில் முத்திரை குத்தியது எல்லாம் வீண்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வெப்சைட் போட்டுத் தருகிறவர் தன் இ-மெயில், தன் செல்போன் நம்பர் கொடுத்துப் பெயரைப் பதிவு செய்துவிடுவார். கெட்ட எண்ணம் இல்லாமல், அவசரத்துக்குச் செய்வதும் உண்டு. ஆனால் நாளைக்கு அவரோடு மனஸ்தாபம் வந்தால்? அவர் வேலை கிடைத்து துபாய் போய்விட்டால்? நீங்கள் காசு போட்டுக் கட்டிய கடைக்கு சாவி அவரிடம் இருக்கும்.

அதனால் மூன்று சாவியும் உங்க கையில இருக்கணும். ஒன்று, டொமைன் பதிவு. இரண்டு, வெப்சைட்டை மாற்றுகிற "அட்மின்" பாஸ்வேர்டு. மூன்று, பணம் வந்து சேருகிற கணக்கு. மூன்றுக்கும் உங்கள் பெயர், உங்கள் இ-மெயில், உங்கள் செல்போன் நம்பர்தான் கொடுக்க வேண்டும். கூச்சப்படாதீங்க. வாடகைக் கடை எடுத்தாலும் பூட்டு நம்முடையதுதானே?

வாடகை வீடா, சொந்த வீடா?

இன்டர்நெட் கடையை இரண்டு விதமாகக் கட்டலாம்.

மாதச் சந்தா கட்டி எடுப்பது ஒரு விதம். ஷாபிபை போன்றவை இந்த ரகம். வாடகை வீடு மாதிரி. ரிப்பேர், பாதுகாப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. சந்தாவை நிறுத்தினால் கடை மூடிவிடும்.

இன்னொரு விதம் வேர்டுபிரஸ், வூகாமர்ஸ். இரண்டு சாப்ட்வேரும் இலவசம். ஆனால் அதை வைக்கிற இடத்துக்கு, அதாவது "ஹோஸ்டிங்"குக்கு பணம் கட்ட வேண்டும். இது சொந்த வீடு மாதிரி. ஓட்டை விழுந்தால் நாம்தான் ஆள் கூப்பிட்டு அடைக்க வேண்டும். அப்டேட் செய்யாமல் போட்டுவைத்தால் திருட்டுப் பசங்க உள்ளே புகுந்துவிடுவார்கள்.

கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இரண்டாவது வழி. இல்லாவிட்டால் முதல் வழியே நிம்மதி. எதுவானாலும், கட்டித் தருகிறவரிடம் "என்னென்ன செய்வீங்க, வருஷத்துக்கு எவ்வளவு ஆகும், ரிப்பேர் வந்தா யார் பார்ப்பாங்க?" என்று எழுதி வாங்குங்கள்.

போட்டோதான் சேல்ஸ்மேன்

பெரியமேட்டுக் கடையில் என்ன நடக்கும்? "இன்னா பாய், இது ஒரிஜினல் தோலா?" என்று கேட்டு, தடவி, மடக்கி, முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். இன்டர்நெட்டில் தடவவும் முடியாது, முகரவும் முடியாது. போட்டோவும் நாலு வரியும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இதற்கு ஸ்டூடியோ தேவையில்லை. காலை வெளிச்சம் விழுகிற ஜன்னல் ஓரம், ஒரு வெள்ளை சார்ட் பேப்பர், சுமாரான செல்போன் போதும். பிளாஷ் போடாதீங்க. தோல் பளபளவென்று ரெக்சின் மாதிரி தெரியும். முன்பக்கம், பின்பக்கம், உள்ளே இருக்கிற அறைகள், தையல் கிட்டத்தில், யாராவது கையில் பிடித்தபடி என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து படமாவது வேண்டும்.

அளவு சொல்லாமல் விற்றால் பொருள் திரும்பி வரும். பர்ஸுக்கு நீளம், அகலம், எத்தனை கார்டு பிடிக்கும் என்று எழுதுங்கள். பெல்ட்டுக்கு பக்கிள் ஆரம்பிக்கிற இடத்திலிருந்து நடு ஓட்டை வரை அளந்து சொல்லுங்கள். செருப்புக்கு, பேப்பரில் பாதத்தை வரைந்து சென்டிமீட்டரில் அளந்து அனுப்பச் சொல்லுங்கள்.

தோலைப் பற்றி உள்ளதைச் சொல்லுங்க

ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா, எருமைத் தோலா? குரோம் போட்டுப் பதனிட்டதா, ஆவாரம் பட்டை, கடுக்காய் மாதிரிப் பொருட்கள் போட்டுப் பதனிட்டதா? இது உங்களுக்குச் சாதாரண விஷயம். வாங்குகிறவருக்குப் புதுச் செய்தி. அதைச் சொன்னால்தான் விலைக்கு மதிப்பு.

பட்டை, கடுக்காய் போட்ட தோல் நாளாக நாளாக நிறம் கருக்கும், தண்ணீர் பட்டால் கறை தெரியும். குரோம் தோல் மெத்தென்று இருக்கும். முன்கூட்டியே எழுதிவிட்டால் "கலர் மாறிடுச்சு, காசைத் திருப்பிக் கொடு" என்ற சண்டை வராது. ஒரே தோலில் கோடு, தழும்பு இருப்பதும் இயற்கைதான். அதையும் எழுதுங்கள். உள்ளே ரெக்சின் லைனிங் என்றால் "முழுவதும் தோல்" என்று போடக்கூடாது.

எடையில் ஏமாறாதீங்க

புதுசாகக் கடை போடுகிறவர்களைக் கவிழ்ப்பது கூரியர். அவர்கள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. டப்பா அடைக்கிற இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000-ஆல் வகுப்பது பல கூரியர்களின் வழக்கம். இதில் வருகிற எடை, தராசு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம்.

உதாரணத்துக்கு, 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் உள்ள டப்பாவில் ஒரு பை அனுப்பினால் கணக்கு 2.88 கிலோ. பையின் நிஜ எடை ஒரு கிலோதான் இருக்கும்! அதனால் பொருளுக்கு ஏற்ற சின்ன டப்பா பாருங்க. வடிவம் கெடாமல் இருக்க உள்ளே வெள்ளைத் தாள் வையுங்கள். நியூஸ் பேப்பரைத் திணித்தால் வெளிர் நிறத் தோலில் மை ஒட்டிக்கொள்ளும்.

ஒரு பர்ஸ் கணக்கு

ஒரு பர்ஸ் ரூ.800-க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். தோல், லைனிங், நூல், ஜிப் ரூ.260. தையல் கூலி ரூ.180. நீங்களே தைத்தாலும் கூலியை எழுதத்தான் வேண்டும். டப்பா ரூ.25. கூரியர் ரூ.80. கார்டு, நெட் பேங்கிங் வழியாகப் பணம் வாங்கித் தருகிற "பேமெண்ட் கேட்வே" 2 சதவீதம் எடுத்து, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போட்டால் சுமார் ரூ.19. மொத்தச் செலவு ரூ.564. கையில் மிச்சம் ரூ.236.

"அடேயப்பா, நல்ல லாபமாச்சே!" என்று துள்ளாதீங்க. பத்தில் ஒன்று திரும்பி வந்தால்? போகவர கூரியர், டப்பா, கேட்வே கட்டணம் சேர்த்து ரூ.204 நஷ்டம். ஒன்பது பர்ஸில் கிடைத்த ரூ.2,124-ல் அது போக ரூ.1,920 மிச்சம். அதாவது ஒரு ஆர்டருக்கு ரூ.192. வெப்சைட்டுக்கு வருஷம் ரூ.12,000 ஆகிறது என்றால், 63 ஆர்டர் வந்த பிறகுதான் வெப்சைட் செலவே தீரும். விளம்பரம் கொடுத்தால் அது தனி.

உங்க பொருள், உங்க ஊர் விலை போட்டு இதே கணக்கைப் போடுங்க. வெப்சைட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாடியே போடுங்க. வீட்டுக்கு வந்து பணம் வாங்குகிற "கேஷ் ஆன் டெலிவரி"யில், வாங்காமல் திருப்பி அனுப்புகிறவர்களால் போகவர கூரியர் செலவு நம் தலையில்தான் விழும். ஆரம்பத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்லுது?

2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி வெப்சைட்டில் கடையின் பெயர், முகவரி, தொடர்பு எண், புகார் கேட்கிறவர் விவரம் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் "கிடைத்தது" என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருளைத் திருப்பி எடுப்பீர்களா, எத்தனை நாளுக்குள் என்பதையும் எழுதுங்கள். பெயர் பொறித்துச் செய்து கொடுத்ததைத் திருப்பி எடுக்க முடியாது என்றால், அதை ஆர்டர் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்று, ஆண்டு விற்பனை ரூ.40 லட்சத்தைத் தாண்டாவிட்டால் ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் கதை வேறு. அதிலும் கையால் செய்யப்படும் தோல் பை, பர்ஸ் போன்ற கைவினைப் பொருட்களை விற்கும் சிறு வியாபாரிகளுக்கு நிபந்தனையுடன் சலுகை உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டொமைன் வாங்கியதால் மட்டும் கடைப் பெயர் சட்டப்படி உங்களுடையது ஆகிவிடாது. அதற்கு டிரேடுமார்க் பதிவு தேவை. தோல் பை, பர்ஸ் 18-வது வகுப்பிலும், செருப்பு, ஷூ 25-வது வகுப்பிலும் வருகின்றன. சிறுதொழிலாக அரசிடம் பதிவு செய்கிற "உத்யம்" பதிவுக்குக் கட்டணம் கிடையாது என்பது குறிப்பிடத்தக்கது. அதற்குப் பணம் கேட்டால் உஷார்!

"50 பர்ஸ் வேணும்" போன் வந்தால்...

செல்போன் நம்பர் வெப்சைட்டில் வந்ததுமே மோசடிப் பேர்வழிகளும் வருவார்கள். "கேம்ப்ல இருந்து பேசுறேன், 50 பர்ஸ் வேணும், அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பார்கள். நினைவில் வையுங்கள், பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் உங்க பணம்தான் போகும். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டினாலும், பேங்க் கணக்கில் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். ஏமாந்துவிட்டால் கொஞ்சமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

அஞ்சு பொருள் போதும்

எடுத்த எடுப்பில் நூறு பொருளை அடுக்க வேண்டாம். நன்றாக வருகிற அஞ்சு பொருளை மட்டும் போடுங்கள். தெரிந்தவர்கள் நாலு பேரை உண்மையாகவே ஆர்டர் போடச் சொல்லி, பணம் வருகிறதா, பார்சல் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஊருக்குச் சொல்லலாம். தைத்துக் கொடுக்கிற கூலி வேலையை உடனே விட்டுவிடவும் வேண்டாம். கடை தன் காலில் நிற்கிற வரைக்கும் அதுதான் அரிசிக்கும் வாடகைக்கும்.

மாதம் பத்து ஆர்டர் வந்தாலும் அந்தப் பத்து பர்ஸிலும் உங்க கடைப் பெயர் இருக்கும். இத்தனை வருஷம் அடுத்தவர் பெயருக்குத் தைத்த கைக்கு அது சின்ன விஷயமா என்ன?