வெள்ளை முட்டையில் எத்தனை சாம்பல்?

பென்சிலில் நிழலிடப் பழகுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் முதல் வாரத்தில் ஒரே தவறைச் செய்கிறார்கள். பொருளைச் சுற்றி அழுத்தமாக ஒரு கோடு. அதை ஒட்டி உட்பக்கம் கொஞ்சம் கறுப்பு. பிறகு அந்தக் கறுப்பை விரலால் நடுப்பகுதி வரை இழுத்துத் தேய்ப்பது. என்னிடம் வரையக் கற்க வரும் பிள்ளைகள் முதல் நாள் கொண்டுவரும் ஆப்பிளும் மண்பானையும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கறுப்பு நிறைய இருக்கும், உருண்டை வந்திருக்காது. பிள்ளைகளின் கையில் குறையே இல்லை. ஓரம்தான் இருட்டு என்று மனசு முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது, கை அது சொன்னபடி நடக்கிறது.

அந்த முடிவைக் கலைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒரு கோழி முட்டை. வெள்ளை முட்டையாக இருக்கட்டும். நாட்டுக்கோழி முட்டையின் பழுப்பு நிறம் ஆரம்பத்தில் குழப்பும். மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் வையுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள், அல்லது ஒரு மேசை விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். வெளிச்சம் ஒரு திசையிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு விளக்கு எரிந்தால் நிழலும் இரண்டாகும், எதை வரைவது என்று தெரியாமல் திணறுவீர்கள்.

இனி ஐந்து நிமிஷம் பென்சிலைத் தொடாமல் பாருங்கள். வெளிச்சம் நேராக விழும் இடம் தாளைப் போலவே வெள்ளையாக இருக்கும். முட்டை வளைந்து விளக்கிலிருந்து முகம் திருப்பத் திருப்ப, வெளிச்சம் சாய்வாக விழுந்து சாம்பல் கூடிக்கொண்டே போகும். இருட்டுப் பக்கத்தில் ஒரு பட்டை தெரியும். முட்டையின் உடம்பிலேயே அதிகம் கறுத்த இடம் அதுதான். அந்தப் பட்டையைத் தாண்டி ஓரத்துக்குப் போனால் கறுப்பு மறுபடி சற்றே வெளுக்கிறது. விரித்த வெள்ளைத் தாளில் பட்ட வெளிச்சம் திரும்பி முட்டையின் அடிவயிற்றில் ஏறுவதால் வரும் வெளுப்பு அது. சந்தேகமாக இருந்தால் தாளை உருவிவிட்டு ஒரு கறுப்புத் துணியை விரித்துப் பாருங்கள். அந்த வெளுப்பு காணாமல் போகும். முட்டையின் கீழே விழும் நிழலையும் கவனியுங்கள். அடியை ஒட்டிய இடத்தில் அது அடர்ந்து, விளிம்பு கத்தியால் நறுக்கினாற்போல் இருக்கும். தள்ளிப் போகப் போக வெளிறி, விளிம்பும் கலங்கிவிடும்.

பார்ப்பது எளிது, பார்த்ததை நம்புவது கஷ்டம். முட்டை வெள்ளை என்று மூளைக்குத் தெரியும். அதனால் நிழல் பக்கத்தையும் அது வெள்ளை என்றே கணக்கில் எழுதிக்கொள்ளும். எட்வர்ட் ஆடல்சன் என்ற அமெரிக்க அறிஞர் 1995-இல் ஒரு சதுரங்கக் கட்டப் படம் உருவாக்கினார். அதில் நிழலுக்குள் இருக்கும் வெள்ளைக் கட்டமும் வெளிச்சத்தில் இருக்கும் கறுப்புக் கட்டமும் உண்மையில் ஒரே சாம்பல்தான். ஆனால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண் அதை ஒப்புக்கொள்ளாது. இதே ஏமாற்று வேலை உங்கள் முட்டையிலும் நடக்கிறது.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. டிராயிங் நோட்டின் பின்பக்கச் சாம்பல் அட்டையில் ஒரு துண்டு வெட்டி, பஞ்சிங் மெஷினால் ஒரு ஓட்டை போடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அட்டையை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓட்டை வழியே முட்டையைப் பாருங்கள். ஓட்டையை வெளிச்சப் பக்கத்திலிருந்து மெல்ல நிழலுக்கு நகர்த்துங்கள். முட்டை மறைந்து, வெறும் நிறத் துண்டு மட்டும் தெரியும். ஒரு பெண் இப்படிப் பார்த்துவிட்டு, “சார், இது இவ்ளோ கறுப்பா?” என்று அட்டையை இறக்கி முட்டையைப் பார்த்தாள், மறுபடி ஏற்றிப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவள் அடர் கறுப்பு தரும் 6பி பென்சிலைப் பயப்படாமல் கையில் எடுத்தாள். அட்டை இல்லாத சமயத்தில் கண்ணைப் பாதி சுருக்கிப் பாருங்கள். சின்ன விவரங்கள் மங்கி, இருட்டும் வெளிச்சமும் மட்டும் நிற்கும்.

பென்சில் விஷயத்துக்கு வருவோம். ஹெச்பி, 2பி, 6பி மூன்றும் போதும். உள்ளே இருப்பது காரீய உலோகம் இல்லை. கிராஃபைட் பொடியும் களிமண்ணும் பிசைந்து சூளையில் சுட்ட கலவை. இங்கிலாந்துடன் போர் நடந்ததால் பிரான்சுக்கு நல்ல கிராஃபைட் வராமல் போனபோது, நிக்கோலா ஜாக் கோன்டே 1795-இல் காப்புரிமை பெற்ற முறை இது. களிமண் கூடினால் கடினம், அதுதான் ஹெச் வரிசை. கிராஃபைட் கூடினால் மென்மையும் கறுப்பும், அதுதான் பி வரிசை. நம் சிவகங்கை மண்ணிலும் இந்தக் கிராஃபைட் கிடைக்கிறது. இலங்கையின் போகல சுரங்கம் இதற்குப் பேர்போனது.

கிராஃபைட் ஏடு ஏடாக அடுக்கிய பொருள். தாளின் சொரசொரப்பில் உரசி, ஏடு கழன்று ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் வழவழப்பான தாளில் நிழல் ஏறாது. கார்ட்ரிட்ஜ் தாள் வாங்குங்கள். கறுப்பு வேண்டும் என்று ஹெச்பியை அழுத்தினால் ஏடுகள் நசுங்கிப் படிந்து பளபளக்கும், தாளின் சொரசொரப்பும் போய்விடும், அதற்குமேல் எதுவும் ஏறாது. 6பியை லேசாகப் பிடித்து மூன்று நான்கு முறை மேலுக்கு மேல் ஏற்றினால் ஆழமான கறுப்பு கிடைக்கும்.

வரைவதற்கு முன் ஓரத்தில் ஐந்து கட்டம் போட்டு, முதல் கட்டத்தை வெள்ளையாக விட்டு, ஐந்தாவதை முடிந்த மட்டும் கறுப்பாக்கி, நடுவில் மூன்று சாம்பலை நிரப்புங்கள். கறுப்பு, வெள்ளை இரண்டையும் முதலில் முடித்தால் நடுவில் உள்ளவை தாமாக அமையும். முட்டையில் பார்க்கும் ஒவ்வொரு இடத்துக்கும் இந்தக் கட்டங்களில் ஒரு எண் கொடுங்கள். அடிவயிற்றின் அந்த மெல்லிய வெளுப்பு அநேகமாக மூன்றில் வரும். அதை இரண்டாக்கிவிட்டால் முட்டை கண்ணாடிக் குண்டுபோல் ஆகிவிடும்.

கோட்டால் நிழலிடுவது முதலில் பழக வேண்டிய முறை. பென்சிலைச் சற்றுப் பின்னால் தள்ளிப் பிடித்து, மணிக்கட்டு அசையாமல் முழங்கையிலிருந்து இழுங்கள். கோடு முடியும் இடத்தில் கையைத் தூக்கிவிட வேண்டும். அழுத்தி நிறுத்தினால் ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு புள்ளி நிற்கும். மேலே இன்னொரு வரிசை போடும்போது கொஞ்சமே சாய்த்துப் போடுங்கள். நேர்க்குறுக்காகப் போட்டால் முட்டைமேல் கொசுவலை போர்த்தினாற்போல் இருக்கும். வெறும் கோட்டால் என்ன முடியும் என்று பார்க்க ஆசைப்பட்டால், ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரைந்த சில்பியின் கோயில் சிற்பங்களைத் தேடிப் பாருங்கள். மையில் சாம்பல் கிடையாது. கோடுகளின் நெருக்கத்தைக் கூட்டிக் குறைத்தே கல்லைத் திரட்டிக் காட்டினார்.

தேய்ப்பதை நான் முதல் மாதத்தில் அனுமதிப்பதில்லை. விரலின் எண்ணெய் கிராஃபைட்டோடு சேர்ந்தால் ரப்பருக்கு எளிதில் மசியாத கறை ஆகிவிடும். எல்லாம் ஒரே புகைமூட்டமாகவும் போகும். பிறகு தேவைப்பட்டால் சுருட்டிய டிஷ்யூ தாளால், உருண்டையின் வளைவை ஒட்டி, லேசாக. உள்ளங்கை படத்தில் படாமல் இருக்க அடியில் ஒரு தாள்துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, முட்டையின் உருவத்துக்காக முதலில் போட்ட சுற்றுக்கோட்டை ரப்பரால் ஒற்றி எடுங்கள். வெளிச்சப் பக்கத்தில் அது முழுதாக மறைந்து, முட்டையின் வெள்ளை தாளின் வெள்ளையோடு கலந்தாலும் பரவாயில்லை. அந்த ஓரத்தைப் பார்ப்பவர் கண் தானே பூர்த்தி செய்துகொள்ளும்.

பத்து முட்டை வரைந்த பிறகு, அதே இடத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வையுங்கள். இங்கே சாம்பல் மெல்ல மாறாது. பளீரென்ற வெள்ளைக் கோட்டை ஒட்டியே அட்டக் கறுப்பு நிற்கும். நடுவில் உங்கள் ஜன்னல், வளைந்து.