பாதி பயணித்த சீட்டு யாருக்குச் சொந்தம்?

கினிகத்தேனையில் ரயில் நிலையம் இல்லை. ரயிலில் போகவேண்டியவர்கள் ஒன்றில் நாவலப்பிட்டிக்கு இறங்க வேண்டும், அல்லது வட்டவளைக்கோ ஹட்டனுக்கோ பஸ் ஏற வேண்டும். அங்கிருந்து பண்டாரவளை, பதுளைப் பக்கம் உள்ள உறவினர் வீட்டுக்குப் புறப்படும் ஒரு தோட்டக் குடும்பம், முற்பதிவு செய்த ஆசனத்தில் அமர்ந்து போவது இப்போது அபூர்வம். கண்டியிலிருந்து எல்ல வரையான ஆசனங்கள் இணையத்தில் திறந்த கையோடு முடிந்துவிடுகின்றன.

எவ்வளவு வேகமாக என்பதை 2025 ஜனவரியில் அரசாங்கமே சொன்னது: 42 விநாடிகள். ஏறத்தாழ 2,000 ரூபா பெறுமதியான சீட்டு வெளிநாட்டுப் பயணிகளுக்கு 16,000 ரூபாவுக்கு விற்கப்பட்டதும் அப்போது வெளியே வந்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது. கைதானவர்களுள் ரயில்வே ஊழியரும் இருந்தார்.

16,000 ரூபா என்பது யாருக்கு எவ்வளவு? 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில், ஒரு ஆசனத்தின் கறுப்புச் சந்தை விலை ஏறக்குறைய 12 நாள் கொழுந்து பறித்த சம்பளம்.

இப்படி விற்பவர்களிடம் கேட்டால் வரக்கூடிய பதில் ஒன்றுதான்: காசு கொடுத்து வாங்கிய சீட்டு, விற்றால் என்ன பிழை? கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வாங்கிய சைக்கிளை விற்கலாம், பாதி படித்த புத்தகத்தை விற்கலாம். பாதி பயணித்த சீட்டை மட்டும் ஏன் விற்கக்கூடாது?

சீட்டு ஒரு பொருளா, அனுமதியா?

பயணச்சீட்டு, நுழைவுச்சீட்டு இரண்டும் கையில் பிடிக்கக்கூடிய தாள்கள் என்பதால் அவற்றைப் பொருளாகவே நினைக்கிறோம். சட்டத்தின் பார்வை பெரும்பாலும் வேறு. சீட்டு என்பது ஓர் அனுமதி. இன்னார், இந்த நாளில், இந்த இடத்தில் நுழையலாம் அல்லது அமரலாம் என்று அதைக் கொடுத்தவர் சொல்லும் வாக்கு அது. நீங்கள் வாங்கியது அந்த வாக்கைத்தான், ஆசனத்தை அல்ல. அந்த வாக்கை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா என்பதைச் சீட்டிலுள்ள நிபந்தனையும் நாட்டின் சட்டமும் தீர்மானிக்கின்றன.

பாடசாலைப் பிள்ளையின் பஸ் சீசன் டிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கட்டணத்தில் சிறு பங்கைத்தான் பெற்றோர் கட்டுகிறார்கள், மீதியை அரசு சுமக்கிறது. மாதத்தில் பத்து நாள் பள்ளி விடுமுறை என்பதற்காக, அந்தப் பத்து நாளுக்கும் சீசனைப் பக்கத்து வீட்டாருக்கு வாடகைக்குக் கொடுக்க முடியாது. சலுகை அந்தப் பிள்ளைக்கு உரியது, அட்டைக்கு உரியதல்ல. இதை நாம் எல்லோரும் ஏற்றுக்கொள்கிறோம்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், “கைமாற்றக்கூடாது” என்ற அதே வாசகத்தைப் பெரிய கம்பனிகளும் தம் சீட்டில் அச்சிடுகின்றன. அதனால் யார் பாதுகாக்கப்படுகிறார்கள் என்பதுதான் பார்க்கவேண்டிய கேள்வி.

ஃப்ளோரிடாவின் மூன்று நாள் மிச்சம்

பாதி பாவித்த சீட்டு வியாபாரத்துக்கு உலகில் பெயர்போன இடம் அமெரிக்காவின் ஒர்லாண்டோ. 1971 இல் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறக்கப்பட்ட ஊர்ப்பக்கம் அது. ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகளோடு அங்கே போய்வந்த எம்மவர் பலர் உண்டு.

அங்கே பல நாள் சீட்டின் விலை படிப்படியாகக் குறையும். விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு நாளுக்கு 100 டொலர், ஐந்து நாளுக்கு 350 டொலர் என்று வைப்போம். இரண்டு நாள் மட்டும் தங்கும் குடும்பம் ஐந்து நாள் சீட்டை 350 டொலருக்கு வாங்கி, இரண்டு நாளைப் பாவித்து, மிச்ச மூன்று நாளை 200 டொலருக்கு விற்றால், அவர்களுக்கு இரண்டு நாள் 150 டொலருக்கு முடிந்துவிடும். வாங்குபவருக்கும் இலாபம். நட்டம் பூங்காவுக்கு மட்டுமே. நாட்கள் கூடக் கூட விலை குறைவது, ஒரே ஆளை நெடுநாள் அங்கே தங்க வைப்பதற்காக. அந்தக் குறைந்த விலை இரண்டு குடும்பங்களுக்குப் பங்குபோவதைக் கம்பனி விரும்பாது.

ஆகவே ஃப்ளோரிடா மாநிலம் இதற்கென்றே ஒரு சட்டம் வைத்திருக்கிறது. பல நாளுக்கு அல்லது பல இடங்களுக்குச் செல்லுபடியாகும், கைமாற்றக்கூடாத சீட்டு ஒன்றை, ஒரு தடவையேனும் பாவித்த பின் விற்பதும் விற்க முன்வருவதும் அங்கே குற்றம். சட்டத்தோடு கருவியும் வந்தது. டிஸ்னியின் வாயிலில் சீட்டோடு விரலையும் வைக்கச் சொல்வார்கள். முதல் நாள் வைத்த விரலும் அடுத்த நாள் வைக்கும் விரலும் பொருந்தாவிட்டால் கேள்வி எழும்.

இந்தச் சட்டம் கம்பனியின் விலைப்பட்டியலைக் காக்கிறது என்பது உண்மை. ஆனால் வாங்குபவருக்கும் அதில் ஒரு பாதுகாப்பு உண்டு. பாதி பாவித்த சீட்டைக் கண்ணால் பார்த்து எத்தனை நாள் மிச்சம் என்று சொல்ல முடியாது. வீதியோரத்தில் மூன்று நாள் மிச்சம் என்று விற்கப்படும் அட்டையில் ஒரு நாளும் மிச்சமில்லாமல் இருக்கலாம். ஏமாந்தது வாயிலில் பிள்ளைகளோடு நிற்கும்போதுதான் தெரியும்.

மலையக ரயிலின் பாதி ஆசனம்

இப்போது எமது பாதைக்கு வருவோம். மலையக ரயில் பாதை கேளிக்கைக்காகப் போடப்பட்டதல்ல. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கப் போடப்பட்டது. 1867 இல் கண்டியையும், 1874 இல் நாவலப்பிட்டியையும், 1884 இல் ஹட்டனையும், 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆனது. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் உழைப்பும் உயிரும் அந்தப் பாதையில் கலந்திருக்கின்றன. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பாதையோரத்து லயன்களிலிருந்து, ரயில் கதவில் தொங்கிப் படமெடுக்கும் பயணிகளைப் பார்த்துக் கையசைக்கிறார்கள்.

சமூக ஊடகங்களில் எல்ல புகழ்பெற்ற பின், இந்த ரயில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் சவாரி போலாகிவிட்டது. ஆனால் விலை மட்டும் பொதுப் போக்குவரத்தின் விலை. ரயில்வே திணைக்களம் நட்டத்தில் ஓடுகிறது. அந்த நட்டத்தை வரி கட்டும் எல்லோரும் சுமக்கிறார்கள், பருப்பும் சீனியும் வாங்கும் தோட்டத் தொழிலாளியும் சுமக்கிறார். சாதாரண மக்கள் பயணிக்கவேண்டும் என்பதற்காகக் குறைவாக வைக்கப்பட்ட கட்டணத்துக்கும், வெளிநாட்டவர் கொடுக்கத் தயாராக இருக்கும் விலைக்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைத்தான் இடைத்தரகர் பையில் போடுகிறார். டிஸ்னியின் சீட்டை விற்பவர் ஒரு கம்பனியின் இலாபத்தில் கைவைக்கிறார். எல்ல சீட்டை எட்டு மடங்குக்கு விற்பவர் பொதுமக்களின் மானியத்தில் கைவைக்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

பாதி பாவித்த ஆசனம் என்ற பிரச்சினை இங்கே இன்னொரு வடிவில் இருக்கிறது. கண்டியிலிருந்து எல்ல வரை முற்பதிவு செய்த ஒருவர் நுவரெலியா பார்க்க நானுஓயாவில் இறங்கிவிட்டால், அதற்குப் பின் ஹப்புத்தளை, பண்டாரவளை கடந்து எல்ல வரை அந்த ஆசனம் வெறுமை. அடுத்த பெட்டியில் மூன்றாம் வகுப்பில் கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கு அது கிடைப்பதில்லை. காகிதத்தில் அந்த ஆசனத்துக்கு இன்னும் ஆள் இருக்கிறார். இறங்கியவர் மிச்சப் பயணத்தை வேறொருவருக்கு விற்றால் அது தவறு. ஆனால் விற்காமல் விட்டாலும் யாருக்கும் பயனில்லை. ஆள் இறங்கிவிட்டார் என்று உறுதியானதும், நிற்பவருக்கு அந்த ஆசனத்தைக் கட்டண வித்தியாசத்தோடு வழங்கும் அதிகாரம் ரயிலிலுள்ள பரிசோதகருக்கு இருந்தால், விற்பனைக்கும் இடமில்லை, வீணுக்கும் இடமில்லை.

2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. ரயில்களும் ஆசனங்களும் குறையும்போது இடைத்தரகரின் கை இன்னும் ஓங்கும். சீட்டு முறையைத் திருத்துவதும் பாதையைத் திருத்துவதோடு சேர்ந்த வேலை.

அடையாள அட்டை இலக்கம் எனும் பூட்டு

42 விநாடி விவகாரத்துக்குப் பின் அரசு எடுத்த நடவடிக்கை, முற்பதிவின்போது தேசிய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கத்தைக் கட்டாயமாக்கியது. டிஸ்னி விரலைக் கேட்கிறது, நமது ரயில் அட்டையைக் கேட்கிறது. நோக்கம் ஒன்றே: சீட்டை ஆளோடு கட்டுவது.

முறை சரியானதுதான். ஆனால் எமது வாசகர்களுக்கு அது வேறு நினைவுகளைக் கிளறும். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபின், குடாநாட்டிலிருந்து வெளியேறக் கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்திருந்தவர்களுக்குச் சீட்டு மட்டும் போதவில்லை. படையினரின் அனுமதியும் வேண்டும். அன்று பெயரும் இலக்கமும் கேட்கப்பட்டது கறுப்புச் சந்தையைத் தடுக்க அல்ல, நடமாட்டத்தைக் கண்காணிக்க.

மலையகத்தில் நினைவு இன்னும் பழையது. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டு, 2003 இன் சட்டம் வரை குடியுரிமைக்குக் காத்திருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அடையாள அட்டை இலக்கம் என்ற கட்டத்துக்கு முன்னால் எழுத எதுவுமில்லாமல் ஒரு தலைமுறையே நின்றிருக்கிறது.

இந்த இரண்டு நினைவுகளையும் சேர்த்துச் சுமப்பவர்களும் உண்டு. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு பக்கம் குடியேறி, 2009 வரை போரையும் அனுபவித்த குடும்பங்கள் அவை. கினிகத்தேனையிலோ ஹட்டனிலோ இருக்கும் உறவுகளின் நல்லது கெட்டதுக்கு வர, அவர்கள் கிளிநொச்சியில் ஏறி, பொல்கஹவெலயில் இறங்கி, மலையக ரயிலுக்கு மாற வேண்டும். மரணச் செய்தி கேட்டுப் புறப்படுபவரால் 30 நாளுக்கு முன் இணையத்தில் காத்திருந்து ஆசனம் பிடிக்க முடியாது. சீட்டு வியாபாரத்தில் உண்மையில் நட்டப்படுபவர் இவர்தான்.

ஆகவே இலக்கத்தைக் கேட்பவர்கள் மூன்று விடயங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த விபரம் எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும், யார் பார்க்கலாம், அட்டை இல்லாத முதியவருக்கு என்ன வழி. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அதன் பிரதான பகுதிகள் நடைமுறைக்கு வருவது பின்போடப்பட்டதால், இந்தக் கேள்வி இன்னும் முக்கியமாகிறது.

இந்தியா காட்டும் ஒரு வழி

இந்தியாவின் 1989 ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143 ஆம் பிரிவு, அதிகாரமின்றி ரயில் சீட்டு வாங்கி விற்பதைத் தொழிலாக நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. இணையச் சீட்டுக்கும் இது பொருந்தும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

அதே இந்தியாவில், உறுதியான சீட்டு வைத்திருப்பவர் போக முடியாவிட்டால், புறப்பட 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் கேட்டு, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவி பெயருக்கு அதை மாற்றலாம். வியாபாரத்துக்குக் கதவு மூடியிருக்கிறது, குடும்பத்துக்குத் திறந்திருக்கிறது. காய்ச்சல் வந்த அண்ணனின் ஆசனத்தில் தம்பி போவதும், ஒருவர் நூறு ஆசனத்தை மொத்தமாகப் பிடித்து விற்பதும் ஒரே குற்றமாகிவிடக்கூடாது என்பதே அந்த விதியின் சாரம்.

வாசகர்கள் கவனிக்கவேண்டியவை

வேறொருவரின் அடையாள அட்டை இலக்கம் பதிந்த முற்பதிவுச் சீட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பரிசோதனையில் சிக்குபவர் விற்றவரல்ல, ஆசனத்தில் இருக்கும் நீங்கள்தான்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள், வட்ஸ்அப்பில் அனுப்பப்படும் சீட்டின் படத்தை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம். ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்க முடியும். ஒர்லாண்டோ வீதியில் விற்கும் மிச்ச நாள் அட்டைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆசனம் கிடைக்காவிட்டால், முற்பதிவற்ற இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சீட்டு பயண நாளன்று நிலையக் கருமபீடத்தில் கிடைக்கும். நெரிசல் இருக்கும், ஆனால் சட்டபூர்வமானது.

பயணம் நின்றுபோனால் சீட்டை வெளியில் விற்காமல், புறப்படும் நாளுக்கு முன்பே நிலையத்தில் மீளளிப்பு பற்றிக் கேளுங்கள். நேரம் கடந்தால் வாய்ப்புக் குறையும்.

கேளிக்கைப் பூங்காவின் சீட்டை விற்க முடியாமல் போனால் ஒரு குடும்பத்துக்குச் சில டொலர்கள் நட்டம். மலையக ரயிலின் ஆசனங்கள் தரகர் கைக்குப் போனால், அந்தப் பாதையைப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் செத்தவீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நின்றுகொண்டே போக வேண்டும். சீட்டு முறையைத் திருத்துபவர்கள் முதலில் கணக்கில் எடுக்கவேண்டியது இந்த நட்டத்தைத்தான்.